நாற்பத்திரண்டாம் கட்டை

காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில்
நிற்கிறது அந்த கிராண்ட் பியானோ.
மூன்று கால்களுக்கும் கீழே
லாரி டயரை வெட்டிப் போட்ட துண்டுகள்.

ஏகவல்லி போனில் சொன்னது இவ்வளவுதான்:
"ஒரு கட்டையில ஈ மாட்டிக்கினு கீதும்மா.
நசுக்கவும் முடியல, தொரத்தவும் முடியல."

துறைமுக ஏலத்தில் எடுத்தாளாம்.
கேட்பாரற்றுக் கிடந்த கன்டெய்னரில்
பன்னிரண்டு வாஷிங் மெஷினும் இதுவும்.
வாஷிங் மெஷின்களை விற்றுவிட்டாள்.

கீழே கம்ப்ரஸர் உறுமும்வரை
எனக்கு எதுவும் கேட்காது என்றேன்.
ஜன்னலில் எட்டி ஆளுக்குக் கத்தினாள்.
"அரை மணிதான். அதுக்கு மேல போனா
பாளம் வேர்க்கும்."

தரை அதிர்வது நின்றது.
காக்கைகள், பின்னோக்கி வரும் ஒரு லாரி,
அப்புறம் நாற்பத்திரண்டாம் கட்டை.

ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி.
ரப்பர் ஆப்பை இடுக்கி
இரண்டின் வாயை அடைத்து
ஒன்றை மட்டும் பேசவிட்டேன்.
பிறகு அடுத்ததை. பிறகு அடுத்ததை.
நடுக்கம்பி தனியாகவே அலைந்தது.
ஸ்க்ரூடிரைவர் முனையால்
பாலத்து ஆணியை அழுத்த, அலைச்சல் அடங்கியது.
ஒரு சொட்டுப் பசை.
ஆனால் அது ஈ இல்லை.

டாம்பர் கம்பளியைச் சீவினேன்.
உப்புக்காற்று பிடித்த இடத்தில்
துருவைத் தேய்த்தேன்.
கம்பிகளுக்கடியில் டார்ச் அடித்து
ஒலிப்பலகை மேலிருந்து
கிடுக்கியால் எடுத்தவை:
ஹேர்பின் ஒன்று, ஐந்து ரூபாய்க் காசு,
காய்ந்து நகமாகிப்போன கொடுவாச் செதில்.

செதில்தான் என்று நம்பினேன்.
இருபது முறை தட்டினேன்,
இருபது முறையும் சுத்தம்.
"வாசிச்சுப் பாருங்க" என்று எழுந்தேன்.

அவள் உட்கார்ந்தாள். ஈ வந்தது.

நான் உட்கார்ந்தேன், இல்லை.
அவள் உட்கார்ந்தாள், ஈ.
தன் நடுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
முள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
கீழிருந்து ஒருவன்: "எக்கா, டைம் ஆவுது!"

"அதே கட்டையை விடாம தட்டுங்க" என்று
பியானோவுக்கு அடியில் மல்லாந்து படுத்து
பலகையில் உள்ளங்கையை வைத்தேன்.
பலகை நன்றாக இருந்தது.
தலையைத் திருப்பியபோது
ஸ்டூல் விளிம்பில் அவள் இடுப்பு,
இடுப்பில் சாவிக்கொத்து.
பதினோரு சாவியில் பத்து சும்மா இருந்தன.
தகரத்தில் செய்த பொடிசு ஒன்று மட்டும்,
மேஜை டிராயருடையதாக இருக்கும்,
ஒவ்வொரு தட்டலுக்கும் துடித்தது.

"அவிழ்த்து வையுங்க" என்றேன்.
உடனே அவிழ்க்கவில்லை.
"ஒரே ஒருநாள் அவுத்து வெச்சேன்.
அன்னிக்கி கோல்ட் ரூம்ல
பாதி எறாலைக் காணோம்.
கொயுந்தன் வூட்ல புதுசா பைக்கு."
பிறகு என் கையில் கொடுத்தாள்.
"கீய வெக்காத. புட்ச்சிக்கினே இரு."

கனம். இடுப்புச் சூடு இன்னும் ஆறவில்லை.

வாசித்தாள். என்ன பாட்டென்று தெரியவில்லை,
அவளாகக் கூட்டிக்கொண்டதாக இருக்கலாம்.
நாற்பத்திரண்டு வந்தபோதெல்லாம்
கழுவி வைத்த தட்டுப் போல் இருந்தது.
விசைப்படகு இன்ஜினுக்குக் காது கொடுப்பவர்கள்
இப்படித்தான் தாடையைச் சற்று இறக்கி வைத்துக் கேட்பார்கள்.

பாதியில் நிறுத்திக் கையை நீட்டினாள்.
கொத்து இடுப்புக்குத் திரும்பியது.
மறுபடி ஒருமுறை தட்டினாள். ஈ.
"கீது" என்றாள்.
"இனிமே தொட்டுத் தொட்டுப் பாக்கத் தேவல.
காதே சொல்லிடும்."

கம்ப்ரஸர் கிளம்பியது.
ரசீதில் ஏற்கெனவே அச்சடித்திருந்த
'சத்தம் நீக்கப்பட்டது' என்ற வரியில்
கடைசிச் சொல்லை அடித்துவிட்டு
'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

எட்டிப் படித்தாள்.
"ஆணிக்கி இன்னா, செதிலுக்கு இன்னா,
தனித்தனியா போடு.
இதுக்கு எவ்ளோ?"